கர்சர் கட்டளைகளை எப்படி அமைப்பது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்ட எடைக் கணக்குக்காக ஒரு சின்ன ரிலேஷனல் டேட்டாபேஸ் (தரவை அட்டவணைகளாக வைக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். இப்போது கர்சர் (கேட்ட விடையை வரிசை வரிசையாக எடுத்துத் தரும் சுட்டி) கட்டளைகளில் நிற்கிறது வேலை.

எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) தரத்தில் கர்சருக்கு டிக்ளேர் (அறிவிக்க), ஓப்பன் (திறக்க), ஃபெட்ச் (வரிசை எடுக்க), குளோஸ் (மூட) என்று கட்டளைகள். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரிலோ தனி ஓப்பன் இல்லை, டிக்ளேர் செய்ததுமே திறந்துவிடும். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

குழப்பம் காமிட்டில், அதாவது ஒரு டிரான்சாக்ஷனை (ஒன்றாகச் செய்யும் வேலைத் தொகுதியை) முடித்துப் பதியும் இடத்தில். வித் ஹோல்ட் (காமிட்டுக்குப் பிறகும் கர்சரைத் திறந்து வைக்கச் சொல்வது) போடாவிட்டால் டிரான்சாக்‌ஷனோடு கர்சரும் மூடிவிடும்; போட்டால் மிச்ச வரிசைகளை எங்காவது நகலெடுத்து வைக்கணும். ஒரு மாத லாரிச் சீட்டு என்றால் ஆபீஸ் கணினி திணறும். எதை இயல்பாக வைப்பது? பின்னோக்கி நகர ஸ்க்ரோல் என்று எழுதச் சொல்லலாமா, எழுதாமலே எப்போதும் அனுமதிக்கலாமா?

"லிமிட், ஆஃப்செட் போதுமே" (இத்தனை வரிசை தாண்டி இத்தனை எடு என்பது) என்று மட்டும் சொல்லாதீர்கள். நடுவில் புதுச் சீட்டு ஏறினால் பக்கமே மாறிவிடுகிறது.