நன்கொடை கொடுத்தவர் கேட்டால் மறுக்க முடியுமா?

செங்கதிர்:
கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்றது தீர்ப்பு. நல்லதுதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுப்பதையே தடை செய்ய வேண்டும். நிறுவனத்துக்கு ஓட்டு கிடையாது. லாபத்துக்காக நடக்கும் ஓர் அமைப்பு பலன் எதிர்பார்க்காமல் கோடிக்கணக்கில் தூக்கிக் கொடுக்குமா?

ராகவன்72:
தடை போட்டுப் பார்த்தாகிவிட்டது நண்பரே. 1969இல் இந்திரா காந்தி ஆட்சியில் நிறுவன நன்கொடை தடை செய்யப்பட்டது. தேர்தல் செலவு குறையவில்லை, பதிலுக்கு அரசும் நிதி தரவில்லை. காசோலையில் வந்த பணம் பெட்டியில் வர ஆரம்பித்தது. 1985இல் மறுபடி அனுமதித்தார்கள். அதோடு, பணம் இருந்தால் எதையும் வாங்கலாம் என்பதும் மிகை. 2020இல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற மைக்கேல் ப்ளூம்பெர்க் சொந்தப் பணத்தில் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அமெரிக்க சமோவா என்ற சிறு தீவுப் பகுதியில் மட்டும்தான் ஜெயித்தார்.

செங்கதிர்:
ப்ளூம்பெர்க் தோற்றது வாக்காளர்களிடம். நான் கவலைப்படுவது ஓட்டு எண்ணி முடித்த பிறகு நடப்பதைப் பற்றி. அதே அமெரிக்காவில் 2003இல், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் மருந்துச் செலவையும் சேர்த்துச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் மருந்து நிறுவனங்களோடு அரசு விலை பேசக் கூடாது என்று அதற்குள்ளேயே ஒரு விதி. அந்தச் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றியவர்களில் ஒருவரான பில்லி டாசின், 2005இல் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவராகப் போனார். அந்த விதியைத் தளர்த்த 2022 வரை ஆனது, அதுவும் சில மருந்துகளுக்கு மட்டும். இடைப்பட்ட 19 வருடம் கூடுதல் விலை யார் தலையில் விழுந்தது? யாரும் ஓட்டை விலைக்கு வாங்கவில்லை. சட்டத்தில் ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ராகவன்72:
அது தவறுதான், மறுக்கவில்லை. பதவியில் இருந்தவர் அதே துறைக்கு வேலைக்குப் போவதற்குப் பல வருட இடைவெளி வேண்டும். ஆனால் லாபி, அதாவது சட்டம் செய்பவர்களைச் சந்தித்துத் தங்கள் தரப்பை எடுத்துச் சொல்வது, என்றாலே குற்றம் என்று பேசாதீர்கள். ஓர் எம்.பி.க்கு எல்லாத் துறையும் தெரியாது. நோயாளிகள் சங்கம் போய்ப் பேசுவதும் லாபிதான்.

தேன்மொழி:
சார், நான் அப்படி ஒரு சிறு சங்கத்தில் வேலை பார்த்தவள். ஒரு மசோதாவைப் பற்றி மனு கொடுக்க மூன்று மாதம் அலைந்தோம். கடைசியில் ஓர் உதவியாளர் வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார். பணம் கொடுத்தவருக்கு இப்படி நடக்குமா? பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, உள்ளே விடுவது சிலரைத்தான். அமெரிக்காவிலாவது 1995 சட்டப்படி லாபி செய்பவர் பதிவு செய்ய வேண்டும், செலவைக் காட்ட வேண்டும். நம்மிடம் அதற்குத் தனிச் சட்டமே கிடையாது.

ராகவன்72:
பதிவுச் சட்டம் வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான். நிறுவன நன்கொடைக்கு வரம்பும் வேண்டும். முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்ததை 2017இல் எடுத்தது பெரிய தவறு. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. நல்லவேளை, நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. முழுத் தடைக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

செங்கதிர்:
1969இல் தடை மட்டும்தானே வந்தது, மாற்று வழி வரவில்லை. கனடாவில் 2007 முதல் தேசியக் கட்சிகளுக்கு நிறுவனமும் கொடுக்க முடியாது, தொழிற்சங்கமும் கொடுக்க முடியாது. தனிநபருக்கு உச்சவரம்பு, கட்சியின் தேர்தல் செலவில் ஒரு பங்கை அரசே திருப்பித் தருகிறது.

ராகவன்72:
அங்கே கட்சியின் தேர்தல் செலவுக்கும் வரம்பு உண்டு. இங்கே மக்களவை வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் என்று வரம்பு வைத்துவிட்டு, கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை. முதலில் அந்த வரம்பைக் கொண்டுவாருங்கள், அப்புறம் தடையைப் பற்றிப் பேசலாம்.

தேன்மொழி:
அந்த வரம்பைச் சட்டமாக்க வேண்டியவர்களும் அதே கட்சிகள்தானே சார்? அவர்களை யார் போய்ப் பார்ப்பது?