சிசிலி வெயிலில் ஒரு பனாட்டு

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்து பதினொரு வருடம். ஆகஸ்ட் பிறந்ததும் நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, இங்கே 'சிஞ்ஞோரா', தோட்டத்து வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார், நானும் கூடவே. முதல் வருடம் முற்றத்தில் நீளப் பலகைகளை அடுக்கி, தக்காளிக் கூழை ஊற்றி, உப்புப் போட்டுக் கையால் பரப்பினார். எனக்குத் திக்கென்றது. அம்மம்மா பாயில் பனங்களி பரப்பிப் பனாட்டுப் போடும் அதே கை!

இதற்கு 'ஸ்த்ராத்து' என்று பெயர். வேகவைத்துத் தோலும் விதையும் போகக் கடைந்த கூழ். அடிக்கடி கிளற வேண்டும், பொழுதுபட்டுப் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். முதல் நாள் எட்டுப் பலகை, சுண்டிச் சுண்டி மூன்றாம் நாள் இரண்டே பலகை. சிவப்புப் போய்ச் செங்கல் நிறம், அப்புறம் பழம்புளிக் கறுப்பு. உருட்டினால் கையில் ஒட்டக்கூடாது. போத்தலில் அமுக்கி மேலே ஒலிவ எண்ணெய் ஊற்றிவிடுவோம். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ தேறினால் பெரிது. மீன் குழம்புக்கு நான் அரைக் கரண்டி போடுவேன். சிஞ்ஞோராவிடம் சொன்னதில்லை.

வேலியோரம் நாகதாளி, சப்பாத்திக்கள்ளி என்பார்களே, அது. ஒருநாள் உச்சி வெயிலில் வெறுங்கையால் பழம் பிடுங்கிவிட்டேன். கண்ணுக்கே தெரியாத முள்! இரண்டு நாள் செலோடேப் ஒட்டி ஒட்டி உரித்தேன். விடியக்காலை ஈரத்தில், காற்று முகத்துக்கு வராத பக்கம் நின்று பறிக்க வேண்டுமாம். "நல்ல பழம் ஒக்டோபரில்தானே" என்று சிஞ்ஞோரா சிரித்தார். ஜூனில் முதல் பூவைத் தட்டிவிட்டால் மறுபடி பூத்து, மழை கண்டு பழுப்பது இன்னும் பெரிதாக இருக்கும்.

ஒரு வாசகரின் பதில்: நான் கிரேக்கத்தில் ஓர் ஆகஸ்ட் திராட்சைத் தோட்டத்தில் நின்றவன். விதையில்லாத பொடிக் கறுப்புத் திராட்சையைக் களத்தில் விரித்துக் காயப்போட்டிருந்தோம். ஒரு மத்தியானம் மேகம் திரண்டது. சோற்றுக் கையோடு ஓடித் தார்ப்பாய் போட்டோம். விழுந்தது நாலே துளி. முதலாளி சிலுவைக் குறி போட்டுவிட்டு மிச்சச் சாப்பாட்டுக்குப் போனார்.

என் பதில்: அந்த ஓட்டம் இங்கேயும் உண்டு அண்ணா. செப்டம்பர் 4 பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் நாள். அவரது கோயில் இருக்கும் பெல்லெக்ரினோ மலை ஏற அதற்குள் பலெர்மோ திரும்பிவிடுவேன். எங்கள் தமிழ் ஆட்களில் வெறுங்காலோடு ஏறுபவர்களும் உண்டு, சைவ சமயத்தவர் உட்பட. போன முறை கூட ஏறிய அக்காவுக்கு ஒரு போத்தல் ஸ்த்ராத்து கொடுத்தேன். மூடியைத் திறந்து மணந்துவிட்டு, "இதில் பனாட்டு மணமே இல்லையே" என்றார்.