மக்காச்சோளப் பை மண்ணுல போட்டா நிசமாவே மக்குமா?

பாளை டிபன்கடை:
பாளையங்கோட்டையில சின்னதா டிபன் கடை வச்சிருக்கோம். 2019-ல பிளாஸ்டிக் தடை வந்ததுலேருந்து இட்லி, தோசை எல்லாம் வாழை இலையில கட்டிக் குடுத்திருதோம். சாம்பாரும் சட்னியும்தான் பெரும்பாடு. தூக்குவாளி கொண்டு வாரவங்க கொஞ்சப் பேருதான். போன வாரம் ஒரு ஏஜென்ட் வந்து, மக்காச்சோளத்துல செஞ்ச பையும் மூடி போட்ட டப்பாவும் சாம்பிளுக்குக் குடுத்துட்டுப் போனாரு. "செடியிலேருந்து வந்தது, மண்ணுல போட்டா உரமாயிரும்"ங்காரு. விலை ரொம்பக் கூட. அது பரவால்ல, தாமிரபரணி ஆத்துக் குறுக்குத்துறை படித்துறையில கவர் ஒதுங்கிக் கெடக்கதப் பாத்தா வயிறு எரியுது. ஆனா அவரு சொல்லுதது நிசமா? சூடான சாம்பாரைத் தாங்குமா?

கவர் கம்பெனிக்காரன்:
அக்கா, நான் கவர் ஓட்டுத மிஷின்லதான் வேலை பாக்கேன். சாதா பாலித்தீன், மக்காச்சோளப் பை ரெண்டு சரக்கும் ஓட்டியிருக்கேன். எதுலேருந்து செஞ்சதுங்கது ஒரு சங்கதி, மக்குமாங்கது வேற சங்கதி. பிரேசில்ல பிராஸ்கெம் கம்பெனி 2010-லேருந்து கரும்பு எத்தனால்ல பாலித்தீன் செய்யுது. மூலம் செடிதான், ஆனா வாரது அச்சு அசல் அதே பாலித்தீன், மக்காது. பிபிஏடின்னு ஒரு பிளாஸ்டிக் இருக்கு, அது பெரும்பாலும் பெட்ரோலியத்துலேருந்து வருது, ஆனா மக்கும். மக்காச்சோளப் பைன்னு விக்கதுல பெரும்பாலும் இந்த பிபிஏடிகூட மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கலந்திருப்பாங்க.

அந்த டப்பா பிஎல்ஏவா இருந்தா சாம்பாருக்கு ஆகாது. சோளச் சர்க்கரையைப் புளிக்க வச்சு, லாக்டிக் அமிலமாக்கி, அதுலேருந்து செய்யுத பிளாஸ்டிக் அது. சாதாரண பிஎல்ஏ 60 டிகிரி வாக்குல இளகிரும். சூடா ஊத்துனா டப்பா நெளிஞ்சு மூடி கழண்டுக்கிடும். அது மக்கணும்னாலும் கிட்டத்தட்ட அந்தச் சூடு வேணும். கம்போஸ்ட் ஆகும்னு சான்று குடுக்க 58 டிகிரியில வச்சுத்தான் சோதிப்பாங்க, 180 நாளைக்குள்ள 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடா மாறணும். நம்மூர் வெயில் எவ்வளவு அடிச்சாலும் மண்ணுக்குள்ள அந்தச் சூடு மாசக்கணக்குல நிக்காது. ஆத்துல விழுந்தா வருசக்கணக்குல அப்படியே கெடக்கும்.

மாடித்தோட்டம், கேடிசி நகர்:
தம்பி சொல்லுதது சரிதான். கல்யாண வீட்டுல பதநீர் குடுத்த பிஎல்ஏ டம்ளரையும் ஒரு சோளப் பையையும் என் உரத்தொட்டியில காய்கறித் தோலோட போட்டேன். தோலெல்லாம் கருத்து மண்ணாயிருச்சு. பை கந்தல் கந்தலா, தொட்டா பிஞ்சு வருது. டம்ளரை எடுத்துக் கழுவிப் பாத்தா விளிம்பு கூட மழுங்கல, மேல உள்ள எழுத்தைத் தெளிவா வாசிக்க முடிஞ்சுது. நம்ம தெருவுல குப்பை எடுக்கவங்க கிட்ட இதுக்குன்னு தனித் தொட்டியும் கெடையாது.

பழைய இரும்புக் கடை, மேலப்பாளையம்:
எங்க பக்கத்தையும் சொல்லணும். பால் கவர், வாளி, தண்ணி பாட்டில் எல்லாத்துக்கும் விலை உண்டு. பிஎல்ஏவை வாங்குததுக்கு ஆளில்ல. பாலித்தீன் தண்ணியில மெதக்கும், அத வச்சுப் பிரிச்சிரலாம். பிஎல்ஏவும் பாட்டில் பிளாஸ்டிக்கும் ரெண்டுமே முங்கும், பாக்கவும் ஒண்ணுபோல இருக்கும். கலந்துட்டா அந்த லாட்டே கெட்டுப் போகும்.

பாளை டிபன்கடை:
அப்ப டப்பா வேண்டாம். பையாவது வாங்கலாமா?

கவர் கம்பெனிக்காரன்:
வாங்குததா இருந்தா பைமேல ஐஎஸ்ஓ 17088-ன்னு, அதாவது மக்குத பிளாஸ்டிக்குக்கான தர எண், இருக்கா பாருங்க, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குடுத்த சான்றையும் ஏஜென்ட் கிட்ட கேளுங்க. "இயற்கை", "பசுமை"ன்னு மட்டும் அச்சடிச்சிருந்தா திருப்பி அனுப்பிருங்க. சாம்பாருக்கு என் யோசனை இதுதான்: கடையிலயே மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி கொஞ்சம் வாங்கி வைங்க. டெபாசிட் வாங்கிட்டுக் குடுங்க, திருப்பிக் கொண்டு வந்தா காசைக் குடுத்திருங்க. தெனமும் வாங்குதவங்க பக்கத்துத் தெருக்காரங்கதானே அக்கா, சம்மதிப்பாங்க.