கேட்டைச் சாத்த ஆள் இறங்கிய வண்டி

2019 ஜூன் மாதம், காரைக்குடி – திருவாரூர் அகலப்பாதையில் டெமு என்னும் டீசல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய சில நாள்களில், பேராவூரணியில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு அப்பத்தாவை அழைத்துக்கொண்டு அதில் போனேன். மீட்டர் கேஜ் காலத்தில் அந்தத் தடத்தில் பலமுறை போய்வந்தவர் அவர். பாதை மாற்றும் பணிக்காக வண்டி நிறுத்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பேருந்தில் இடிபட்டபின், மடியில் எவர்சில்வர் கூஜாவோடு ஜன்னலோரம் அமர்ந்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிறைவை நான் மறக்கவில்லை.

கண்டனூர் புதுவயலைத் தாண்டியதும் ஒரு ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிக் கேட்டைச் சாத்தினார். வண்டி மெல்ல ஊர்ந்து சாலையைக் கடந்து மறுபடியும் நின்றது. பின்பெட்டியில் வந்த இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார். அடுத்த கேட்டிலும் இதுவே நடந்தது, அதற்கடுத்ததிலும் இதுவே. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தடத்தை முழுதாகக் கடக்க அந்நாளில் ஆறு மணி நேரம் பிடித்ததற்கு இதுதான் காரணம். சட்டை முழுதும் வியர்வையில் நனைந்திருந்த அந்த மனிதரைக் கூப்பிட்டு அப்பத்தா கூஜாத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “புதுசாத் தண்டவாளம் போட்டவுக, கேட்டுக்கு ஆள் போடலையா அப்பு?”

அரசுடைமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. “தனியாரிடம் கொடுத்திருந்தால் இப்படி நடக்குமா?” என்று விசேஷ வீட்டிலேயே சிலர் பேசினார்கள். இலாபம் பார்க்கும் ஒருவர் அறந்தாங்கிக்கும் பேராவூரணிக்கும் பாதை போட வந்திருப்பாரா என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. பொதுப்பணத்தில் பாதை வந்தது; அதே பொதுப்பணத்தில் ஆளையும் அமர்த்த வேண்டும் என்று கேட்பதுதான் உடைமையாளரான நாம் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் ஐயா கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன காலத்தில், இலங்கைக் கப்பலைப் பிடிக்கத் தனுஷ்கோடி வரை ஓடிய போட் மெயில் ரயிலை நடத்தியது லண்டனில் இயக்குநர் குழு வைத்திருந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1944 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு அதைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று அதனோடு மதராஸ் – தென் மராட்டா ரயில்வேயும் மைசூர் அரசு ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே உருவானது. அதன்பின் நம் ஊருக்கு வண்டி வேண்டுமென்றால் நாம் தேர்ந்தெடுத்தவரிடமே கேட்கலாம் என்ற நிலை வந்தது. 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டோடு இணைக்கப்பட்டது எனக்கு இன்றும் வருத்தமே. அதற்கு முன்பெல்லாம் ரயில்வே பட்ஜெட்டுக்கு மறுநாள் காலை டீக்கடையில் நாளிதழை விரித்து, காரைக்குடிக்கு என்ன வண்டி கிடைத்தது என்று விரல் வைத்துத் தேடுவோம்.

பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதமே கட்டணத்தால் ஈடாகிறது என்று பயணச்சீட்டிலேயே ரயில்வே அச்சிட்டிருந்தது. ஒருமுறை நான் அதைப் படித்துக் காட்டியபோது, “மிச்சத்த யாரு குடுக்கிறா?” என்றார் அப்பத்தா. நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளின் வருமானத்திலிருந்து பெரும்பகுதி ஈடுகட்டப்படுகிறது என்றேன். ஒரு சாமானிலிருந்து வரும் பணம் ஒரு கிழவியின் பயணத்துக்கு உதவுவதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. அதற்காகத்தானே அது பொதுச்சொத்து.

பின்னாளில் அந்தத் தடத்தின் கேட்டுகளில் ஆள்கள் அமர்த்தப்பட்டார்கள், வேகமும் கூடியது. இன்று எர்ணாகுளம் – வேளாங்கண்ணி விரைவு வண்டியும் அவ்வழியே செல்கிறது. ஆனால் 58 வயது கடந்த பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது இன்னும் திரும்பவில்லை. பல்லவன் விரைவு வண்டியில் சென்னை எழும்பூருக்கு அப்பத்தா இப்போது முழுக் கட்டணம் கொடுத்தே போகிறார். சலுகையைத் திரும்பத் தரக் கோரி எங்கள் தெருவினர் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.