ஜமைக்காவின் செயின்ட் தாமஸ் பாரிஷ் (மாவட்டம் போன்ற பிரிவு) எப்படிப்பட்ட ஊர்?

கேள்வி: ஜமைக்கா என்றாலே கிங்ஸ்டன், மாண்டிகோ பே என்றுதான் பேசுகிறார்கள். தென்கிழக்கு மூலையில் இருக்கும் செயின்ட் தாமஸ் பற்றி யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

பதில்: அதன் தலைநகரான மொரான்ட் பேயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடிமைமுறை ஒழிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நிலம் இல்லை, கூலி போதவில்லை, வழக்குக்குப் போனால் தீர்ப்புச் சொல்வதும் தோட்ட முதலாளிகளே. 1865 அக்டோபர் 11 அன்று ஸ்டோனி கட் கிராமத்து பாப்டிஸ்ட் ஊழியர் பால் போகிள் நூற்றுக்கணக்கானோருடன் நீதிமன்றத்துக்கு நடந்து போனார். காவல்படை சுட்டது, கூட்டம் கட்டடத்தைக் கொளுத்தியது. அப்புறம் ஆளுநர் ஐர் ராணுவச் சட்டம் போட்டார். 400 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். படித்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பதில்: ஐரை எதிர்த்துப் பேசிவந்த சட்டசபை உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டனையும் சொல்லுங்கள். ராணுவச் சட்டம் இல்லாத கிங்ஸ்டனில் அவரைப் பிடித்து, வேண்டுமென்றே கப்பலில் மொரான்ட் பேக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள். பச்சைப் படுகொலை.

பதில்: சரி, ரத்தம் மட்டுமே அந்த ஊர் இல்லை. பாத் என்ற இடத்தில் பாறையிலிருந்து வெந்நீரும் குளிர்ந்த நீரும் பக்கத்துப் பக்கத்தில் ஊறும். அங்குள்ள தாவரவியல் தோட்டம் 1779இல் தொடங்கியது; 1793இல் கேப்டன் பிளை கொண்டுவந்த ஈரப்பலாக் கன்றுகளை அங்கும் நட்டார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த மத்திய ஆப்பிரிக்கர்களின் குமினா என்ற வழிபாட்டு மேளமும் ஆட்டமும் இங்கேதான் வலுவாக நிலைத்திருக்கின்றன.