மடக்குக் கத்தி இறுகிவிட்டது, திருகைத் தளர்த்தினால் ஆடுகிறது: எந்த எண்ணெய் விடலாம்?

மழைக்குருவி

வணக்கம். என்னிடம் இருப்பது விரல் நீள மடக்குக் கத்தி. திறந்ததும் பிடிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து வந்து அலகை மடங்காமல் தாங்கிக்கொள்ளும் வகை. பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது, எலுமிச்சை நறுக்குவது எல்லாம் அதில்தான்.

சென்ற மாதம் திறப்பதும் மூடுவதும் கடினமாகிவிட்டது. சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். ஒரு வாரம் வழுக்கிக்கொண்டு ஓடியது, அதன் பிறகு முன்பைவிட மோசம். அச்சுத் திருகை அரைச் சுற்று தளர்த்தினேன். இப்போது அலகு ஆடுகிறது. கூரும் மழுங்கிவிட்டது, தாளை வெட்டச் சொன்னால் கிழிக்கிறது.

நேற்று மரக்கட்டையில் முனையை ஊன்றித் துளை போடப் பார்த்தபோது அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. சின்னக் காயம்தான், கட்டுப் போட்டுவிட்டேன். கேள்வி எண்ணெய் பற்றியது: எது நல்லது?

சாணைக்கல்

எண்ணெயைப் பிறகு பார்க்கலாம். போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, விரல் வெட்டுப்பட்ட கதை, அதுதான் இங்கே முதல் கோளாறு. பூட்டு விழுந்த கத்தி தானாக மடங்கக் கூடாது. அது சரியாகும் வரை அதை எடுத்து எதையும் வெட்டாதீர்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஆட்டம் இடம் வலமாகவா, மேலும் கீழுமாகவா? கத்தி முழுதாகத் திறந்திருக்கும்போது பூட்டுத் தகடு அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நகர்ந்து நிற்கிறது?

மழைக்குருவி

இடம் வலமாக நன்றாக ஆடுகிறது. மேலும் கீழுமாகக் கொஞ்சம்தான். தகடு அலகின் ஓரத்தை மட்டும் தொட்டு நிற்கிறது. புதிதில் இன்னும் உள்ளே வந்து நின்றதாக நினைவு.

அவசரக்காரன்

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து நாலு முறை திறந்து மூடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சாணைக்கல்

அழுக்கை இளக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அச்சில் நெடுநாள் நின்று வழுக்கலைத் தரும் சரக்கு அல்ல. மேலும் இவர் இந்தக் கத்தியில் எலுமிச்சை நறுக்குகிறார்.

மழைக்குருவி, நடந்தது இதுவாக இருக்கலாம். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். அந்தப் பிசின் பையிலுள்ள பஞ்சையும் பார்சல் டேப்பின் பசையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அலகு திறந்ததும் பிடிக்குள் ஒரு சிறு ஊசியில் முட்டி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் அழுக்குத் திரண்டால் அலகு முழுதாகத் திறக்காது. தகடு உள்ளே வர இடம் போதாமல் விளிம்பில் தொற்றி நிற்கும். வெட்டும் விசை அலகைத் திறக்கும் பக்கமாகத் தள்ளுவதால் அதுவரை எதுவும் தெரியாது. முனையால் குத்தினால் விசை மடக்கும் பக்கம் திரும்பிவிடும், விளிம்பில் நின்ற தகடு நழுவும். போதாததற்குத் தகட்டின் முகத்திலும் எண்ணெய் பட்டிருக்கும்.

கத்தியைப் பிரிக்க வேண்டாம். சில நிறுவனங்கள் பிரித்தால் உத்தரவாதத்தை மறுத்துவிடும், உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர்கள் தொலைந்தால் அதோடு போயிற்று. வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் அச்சு, ஊசி, தகட்டின் முனை மூன்றையும் தேய்த்துக் கழுவுங்கள். டேப் பசை போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஈரம் துளியும் இல்லாமல் உலர விடுங்கள். பிறகு அச்சில் மட்டும் உணவுத் தரக் கனிம எண்ணெய் ஒரே துளி. தகடும் அலகும் முட்டும் முகத்தில் எண்ணெய் கூடாது.

திருகைக் கடைசியில் தொடுங்கள். எட்டில் ஒரு பங்கு சுற்று, திறந்து பார்ப்பது, மறுபடி எட்டில் ஒரு பங்கு. தலை நட்சத்திர வடிவமாக இருந்தால் அதற்குப் பொருந்தும் டார்க்ஸ் முனையே வேண்டும். அளவு பொருந்தாத திருப்புளியைத் திணித்துத் தலையை உருட்டிவிட்டால் பிறகு அழுதும் பயனில்லை.

பழைய பிடி

நடுவில் ஒரு வார்த்தை. என் தாத்தாவின் பேனாக்கத்தியில் பூட்டே கிடையாது, முதுகுப்பக்க வில்லின் இறுக்கம் மட்டும்தான். பறவை இறகைச் சீவி எழுதுகோல் ஆக்கிய காலத்துப் பெயர் அது. பிரான்சின் ஒபினெல் கத்தி 1890 முதல் இருக்கிறது, அதன் சுழல் வளையப் பூட்டு 1955இல்தான் வந்தது. அதுவரை அதை வைத்திருந்தவர்கள் குத்தும் வேலைக்கு வேறு கருவியைத் தேடியிருப்பார்கள். பூட்டு இருக்கிறது என்ற தைரியம்தான் விரலைப் பதம் பார்க்கிறது.

மழைக்குருவி

இன்று கழுவினேன். ஊசியின் அடியில் கடுகளவு கறுப்புக் கட்டி, நகத்தால் அசைக்க முடியவில்லை, ஆல்கஹாலில் ஊறிய பிறகு பல்குத்தும் குச்சியால் பெயர்ந்தது. இப்போது தகடு அலகின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை வருகிறது. திருகை இரண்டு முறை சிறிது சிறிதாக இறுக்கியதில் ஆட்டமும் நின்றுவிட்டது. பூட்டை நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது? அலகின் முதுகை மேசையில் தட்டிப் பார்க்கவா?

சாணைக்கல்

தட்டாதீர்கள், நல்ல பூட்டையும் அது கெடுக்கும். அலகு மடங்கும் பாதையில் ஒரு விரலும் இல்லாதபடி பிடியை இரு பக்கமும் பற்றிக்கொண்டு, முதுகை ஒரு மரப்பலகை மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். தகடு நகர்ந்தால் அந்தக் கத்தி பழுது பார்ப்பவரிடம் போகட்டும். நகராவிட்டாலும் குத்தவும் நெம்பவும் அது வேண்டாம்.

கூர் தீட்டுவதை இப்போது தொடங்கலாம். மழுங்கிய அலகை அழுத்தி வெட்ட வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் கை தவறும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகை. 2 செ.மீ. அகல அலகானால் முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. உயரத்தில் நிற்கும். ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் விளிம்பு நெடுகப் பிசிர், அதாவது மடிந்து நிற்கும் மெல்லிய உலோக ஓரம், தட்டுப்படும் வரை தொடருங்கள், பிறகு பக்கத்தை மாற்றுங்கள். பிசிர் வருமுன்பே பக்கம் மாற்றுகிறவர்களுக்குத்தான் மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வருவதில்லை.

மழைக்குருவி

பலகையில் அழுத்திப் பார்த்தேன், தகடு அசையவில்லை. பிசிர் வர இருபது நிமிடம் ஆயிற்று. தாள் சத்தமில்லாமல் வெட்டுப்படுகிறது. மரத்துக்குக் கைத்துளைப்பான் ஒன்று வாங்கியிருக்கிறேன்.