மறு: ‘புரோட்டோஹிஸ்டரி’க்கு ‘முன்வரலாறு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இழை முழுவதையும் படித்தேன். நம் கலைச்சொல் பட்டியலில், எழுத்தே இல்லாத காலமான ‘பிரீஹிஸ்டரி’க்கு ‘வரலாற்றுக்கு முந்தைய காலம்’, எழுத்துச் சான்று அரைகுறையாகக் கிடைக்கும் காலமான ‘புரோட்டோஹிஸ்டரி’க்கு ‘முன்வரலாறு’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதுபோல் தெரிகிறது. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> எழுத்து என்று வந்ததோ அன்றே வரலாறு தொடங்கிவிட்டது. அதற்கு முன்னது வரலாற்றுக்கு முந்தையது. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் இருக்கிறது ஐயா. தெற்கு ஈராக்கில் இருந்த உருக் என்ற சுமேரிய நகரத்தைப் பாருங்கள். கி.மு. 3300-ஐ ஒட்டியே அங்கே களிமண் பலகைகளில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் எழுதியது பெரும்பாலும் கணக்கு. பலரும் எடுத்துக்காட்டும் ஒரு பலகையில் 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாதம், ‘குஷிம்’ என்று இருக்கிறது. அவ்வளவுதான். குஷிம் ஓர் ஆளா, ஒரு பதவியின் பெயரா என்பதிலேயே அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அந்த ஊரை யார் ஆண்டார்கள், யாரோடு சண்டை என்றெல்லாம் அந்தப் பலகை மூச்சுவிடவில்லை.

‘முன்பு இப்படி நடந்தது, அதனால் பிறகு இப்படி ஆனது’ என்று ஒருவர் கோவையாகச் சொல்லிக் கேட்க, இன்னும் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. கி.மு. 2400 வாக்கில் லகாஷ் என்ற இன்னொரு சுமேரிய நகரத்தின் அரசன் என்மெதேனா ஒரு களிமண் கூம்பில் எழுதவைத்தது அப்படிப்பட்டது. அண்டை நகரமான உம்மாவோடு எல்லைத் தகராறு. கிஷ் அரசன் மெசிலிம் நிலத்தை அளந்து கல் நட்டது, உம்மாக்காரன் அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டது, என்மெதேனாவின் தந்தையோடு பிறந்த ஈயன்னாதும் மறுபடி எல்லை போட்டது, உம்மா பட்ட வாற்கோதுமைக் கடனுக்கு வட்டி ஏறி ஏறி அடைக்க முடியாமல் போனது, பிறகு போர் என்று தலைமுறைகளின் கதை ஒரே கூம்பில் வரிசையாக இருக்கிறது. ஒரு தரப்பின் வாக்குமூலம்தான். உம்மா எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் காரணமும் விளைவும் சேர்ந்து வந்துவிட்டன. ஆக, எழுத்து பிறந்த நாளும் வரலாறு எழுதப்பட்ட நாளும் சுமேரியர்களிடமே ஒன்றில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கையாண்ட சொல் ‘ஹிஸ்டோரியா’வுக்கு விசாரணை என்று பொருள். விசாரிக்க ஆதாரம் கிடைக்காத காலத்தை விசாரணைக்கு முந்தையது என்று தள்ளிவைக்க அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. நம் வரலாறோ வரல் ஆறு, வந்த வழி. எழுத்து வேண்டும் என்ற நிபந்தனையே அதில் கிடையாது. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரியைச் செய்தவர்களும், 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அத்திரம்பாக்கத்தில் கல்லை உடைத்துக் கருவி செய்தவர்களும் ஒரு வழியில் வந்தவர்கள்தானே? வந்த வழிக்கு முந்தைய காலம் என்று எதைச் சொல்வது?

இது வெறும் சொல் சுத்தம் பார்ப்பதல்ல. ஆஸ்திரேலியாவின் முதல்குடிகள் அங்கே 50,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார்கள். எழுத்துதான் கோடு என்றால், 1606-இல் வில்லெம் யான்சூனின் டச்சுக் கப்பல் வடகரையைத் தொட்ட பிறகுதான் அவர்களுக்கு வரலாறு என்றாகிவிடும். பள்ளிப் பிள்ளைகள் படிக்கப்போகும் சொல்லில் இந்த அநியாயம் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தொல்பழங்காலம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

சரி, ‘புரோட்டோஹிஸ்டரி’க்கு வருகிறேன்.

> முன்வரலாறு சின்னதாக, அழகாக இருக்கிறது அண்ணா. எதற்கு மாற்ற வேண்டும்?

அழகுதான் தங்கச்சி. ஆனால் முன் என்றதும் படிப்பவர் மனம் ‘பிரீஹிஸ்டரி’க்குத்தான் போகும். தொடக்க வரலாறு என்று வைத்தால், தொல்லியலில் ஏற்கெனவே வழங்கும் வரலாற்றுத் தொடக்கக் காலத்தோடு (‘எர்லி ஹிஸ்டாரிக்’) மோதும்.

‘புரோட்டோஹிஸ்டரி’ என்ற சொல்லுக்குள் இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. ஒன்று, தமக்கு எழுத்து இல்லை, பக்கத்தார் எழுதிவைத்ததால் தெரிகிறவர்கள். கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சிதியர்களை ஹெரோடோட்டஸ் எழுதியது இப்படி. மற்றொன்று, தமக்கு எழுத்து உண்டு, நம்மால் படிக்க முடியவில்லை. கிரீட் தீவின் ‘லீனியர் ஏ’ என்ற பழைய எழுத்துமுறை இந்த வகை. அதன் தம்பியான லீனியர் பி-யை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக்கலைஞர் படித்துக்காட்டினார். மொழி கிரேக்கம் என்று தெரிந்தது. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கடற்கரைக் காவலுக்கு யார் யார் எங்கே என்ற பட்டியல்கூடக் கிடைத்துவிட்டது. மூவாயிரம் ஆண்டுக்கு முன் இறந்துபோனவர்கள், 1952-இல் வரலாற்றின் எல்லைக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள்.

சிந்துவெளியில் இரண்டு நிலைமையும் ஒன்றாக நிற்கின்றன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பில் 417 குறியீடுகள் இருக்கின்றன. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்தாறு குறிதான் வரும். எல்லோரும் ஏற்கும் வாசிப்பு இன்னும் இல்லை. அதேசமயம் மெசப்பொத்தேமியர்கள் மெலுகா என்ற நாட்டைப் பேசுகிறார்கள். அது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மெலுகாவின் கப்பல்கள் தன் துறையில் வந்து நிற்பதாக அக்காத் அரசன் சார்கோன் பெருமைப்படுகிறான். சூ-இலிசு என்பவனின் உருளை முத்திரை அவனை மெலுகா மொழிபெயர்ப்பாளன் என்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவன் இருந்திருக்கிறான், அவன் பெயரும் நமக்குத் தெரியும், அவன் பேசிய மெலுகா மொழியில் ஒரு வாக்கியம்கூட நம்மிடம் இல்லை. நினைத்தாலே மனம் அடித்துக்கொள்கிறது.

இரண்டையும் சேர்த்துச் சொல்ல எழுத்தோரக் காலம் என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. எழுத்தின் ஓரத்தில் இருக்கும் காலம். எழுத்தோரப் பண்பாடு, எழுத்தோர மக்கள் என்று நீட்டவும் வரும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அயலெழுத்துச் சான்று, படிக்கப்படாத எழுத்து என்றே எழுதிவிடலாம்.

தமிழகத்துக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரைச் சொல்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நாம் அயலெழுத்தில் தெரிகிறவர்கள். பொருந்தல், கீழடி பானையோட்டு எழுத்துகளுக்குச் சொல்லப்படும், அசோகருக்கு முந்தைய காலக்கணிப்பை ஏற்றால் நம் கையெழுத்தே முதலில் வந்துவிடுகிறது. மகாதேவன் தமிழ் பிராமியை அசோகருக்குப் பின் வைத்தார், தொல்லியலாளர் கா. ராஜன் முன்னே கொண்டுபோகிறார். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டாம். பதிவில் ஆண்டு எதையும் போடாமல், இடத்துக்கு இடம் மாறும் என்று மட்டும் எழுதினால் போதும்.

எனக்கே விடை தெரியாத ஒன்று மிச்சமிருக்கிறது. இன்கா மக்கள் கீப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்தார்கள். அதை எழுத்து என்பதா, வேண்டாமா? எழுத்தோரம் என்ற சொல் அங்கே இடிக்கிறது. இதற்கு யாராவது வழி சொன்னால் நல்லது. அதுவரை ‘முன்வரலாறு’ பதிவை இறுதியாக்காமல் வைத்திருக்கும்படி ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்